உவமைக்குக் காசில்லை

ஒட்டுசுட்டான் சந்தியில்
என் கடைப் பலகையில் இருப்பது இவ்வளவுதான்:
போட்டோக்கொப்பி, லமினேற்றிங், மனு எழுதுதல்.
பேச்சு எழுதுவது பலகையில் இல்லை.
அது வாயால் பரவிய வியாபாரம்.

அற்புதமலர் வந்தபோது கரண்ட் இல்லை.
கொன்றையடிக்குளம் கமக்கார அமைப்பின் செயலாளர்.
செவ்வாய்க்கிழமை கச்சேரியில் கூட்டம்.
மூன்று நிமிடம் தருவார்களாம்.
துருசு உடைந்து மூன்று சிறுபோகம்.
"போகத்துக்கு ஒரு நிமிசம்" என்றார்,
சிரிக்காமல்.

உங்களை அவர்கள் ஏன் நம்பவேண்டும் என்றேன்.
முகம் கறுத்துவிட்டது.
கோபிக்காதையுங்கோ,
எந்தப் பேச்சும் அந்த இடத்தில்தான் தொடங்கும்.
கொஞ்ச நேரம் கையைப் பார்த்தார்.
"துருசுக்குள்ள இறங்கி அடைப்பெடுத்தது நான்.
கழுத்தளவு சேறு.
ஆம்பிளையள் கட்டில நிண்டு கயிறு பிடிச்சவை."
முதல் பந்தி முடிந்தது.
நான் எழுதவில்லை, அவர் சொன்னதுதான்.

பேந்து கணக்கு.
ஈரம் பட்டுக் காய்ந்த கொப்பியில்
அறுபத்தெட்டுக் குடும்பம்,
நூற்றுப் பன்னிரண்டு ஏக்கர்,
வங்கியில் அடகு வைத்த சங்கிலிகள் பெயர் பெயராக.
மார்கழியில் வான் பாய்கிறது,
பங்குனியில் மாடு குளத்துக்குள் நின்று மேய்கிறது.
இலக்கங்களை வரிசையில் விட்டேன்.
காலைப் பிரார்த்தனைக்கு நிற்கும் பிள்ளைகள் மாதிரி
சத்தமில்லாமல் நின்றன.

அதற்கு ஒருவரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள்.
எனக்கு அந்த மேசை தெரியும்,
தேத்தண்ணீரும் வடையும் வரும் நேரமும் தெரியும்.
கடைசியில் "தாருங்கள், தாருங்கள், தாருங்கள்"
என்று முடித்தேன்.
"மூண்டுதரம் கேக்கமாட்டன்.
ஒருக்காக் கேப்பன்" என்று
இரண்டை வெட்டினார்.

ஆனால் நடுவில் எனக்கு ஒன்று வாய்த்திருந்தது.
பாரிசம் விழுந்த வாயைப்போல எங்கள் குளம்;
வானம் ஊட்டுகிறது,
ஓரத்தால் வழிந்து போகிறது.
வாசித்துக் காட்டினேன், கொஞ்சம் பெருமையோடு.

அவர் பேசவில்லை.
றோட்டில் ஒரு லாண்ட்மாஸ்டர் போய் முடியுமட்டும் பேசவில்லை.
"ஆர் உமக்குச் சொன்னது?"
ஒருவரும் சொல்லவில்லை, அக்கா. சும்மா வந்தது.
"அவருக்கு இப்ப ஒண்டரை வருசம்.
கஞ்சி குடுத்தா இந்தப் பக்கத்தால..."
தன் கன்னத்தையே துடைத்தார்.
"இது கச்சேரிக்குக் கொண்டுபோற சாமான் இல்லை."

வெட்டினேன்.
மூன்று பக்கம், நூற்றைம்பது ரூபாய்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை
கூடப்போன குகதாசன் சொன்னார்.
சேற்றுக்கு ஒருவர் தலையாட்டினாராம்.
ஏக்கர்க் கணக்குக்குள்
மேசைத் தலைப்பில் இருந்தவர் போனை எடுத்தாராம்.
அற்புதமலர் தாளை மடித்தாராம்.
மடித்துவிட்டு,
வெட்டிய வரியைப் பாராமல் சொன்னாராம்,
கையால் வாயோரத்தைத் தொட்டுக் காட்டி.
போன் கவிழ்ந்து படுத்ததாம்.

மதிப்பீடு செய்ய ஆள் அனுப்புவதாகக்
கூட்டக் குறிப்பில் ஏறியது.
ஆள் வந்தார், நாடா பிடித்தார், போனார்.

ஆவணியில் வேறொரு குளத்துக்குத் திறப்புவிழா.
ஒலிபெருக்கி சந்திவரை கேட்டது.
அதே தலைப்பு மேசைக் குரல்:
"பாரிசம் விழுந்த வாயைப்போல் கிடந்த இந்தக் குளத்தை..."
கைதட்டல்.
நல்ல கைதட்டல். பொய் சொல்லக்கூடாது,
ஒரு கணம் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

அன்று பின்னேரம் அவர் வந்தார்.
இறங்காமல், சைக்கிளில் ஒரு கால் ஊன்றி,
"அந்தப் பேச்சு உம்மட கொம்பியூட்டரில கிடக்கோ?"
கிடக்கு.
"அழிச்சு விடும்."

அவர் பார்த்திருக்கவே அழித்தேன்.
"எவ்வளவு?" என்றார்.
அழிக்கிறதுக்கு என்ன காசு, அக்கா.
இருந்தும் இருபது ரூபாயை
கண்ணாடி மேசையில் வைத்துவிட்டு
கஞ்சி நேரத்துக்குப் போனார்.