காற்று பிடித்து வைத்திருப்பது

லபுக்கலை தாண்டியபோது முள் எட்டில் நின்றது.
இரண்டு முள், இரண்டு தொட்டி:
ஒன்று முன் சில்லுகளுக்கு, மற்றது பின்னுக்கு.
ஒன்று செத்தால் மற்றதும் கூடச் சாகக்கூடாதென்று
வேறு வேறு குழாய் இழுத்திருக்கிறான் எவனோ,
இந்த மலையை ஒருநாளும் பார்க்காதவன்.

பின்னால் பதினொரு தொன் தேயிலை,
கடதாசிச் சாக்குகளில், கொழும்பு ஏலத்துக்கு.
முன்னால் இறம்பொடை வளைவுகள்.
பக்கத்தில் டெஸ்மன், வாய் திறந்த தூக்கம்.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்து மிதித்து ஓட்டுகிறவன்
கடன் வாங்கிய காசை எண்ணாமல் செலவழிக்கிறவன்.
ஒவ்வொரு மிதிக்கும் ஒரு வாய்க் காற்று இறங்கி
டயபிராமைத் தள்ளும், தண்டு நீளும்,
லைனிங் போய் டிரம்மைக் கவ்வும்.
காலை எடுத்தால் த்ஸ்ஸ்.
வேலை முடிந்த காற்று வெளியே போய்விடும்,
தொட்டிக்குத் திரும்பாது.
கொம்பிரசர் புதிதாக இழுத்து நிரப்ப வேண்டும்.
ஆகவே இரண்டாம் கியர், எக்ஸோஸ்ட் பிரேக்.
கால் சும்மா கிடக்கட்டும்.

அப்படியும் அருவிக்கு மேல் வளைவில் முள் ஆறு.
அடுத்ததில் ஐந்தரை. பசர் கத்தியது.
டெஸ்மன் திடுக்கிட்டு எழும்பி,
"அண்ணே, பிரேக் போகுதா?"
"இல்ல. வருது."

அதைத்தான் ஒருவரும் நம்புவதில்லை.
பின் சில்லுகளுக்குப் பக்கத்துக் கலத்தில்
தொடைப் பருமனில் ஒரு சுருள்வில் இருக்கிறது.
அதற்குத் தெரிந்தது ஒரே வேலை, இறுக்குவது.
காற்றுதான் நாள் முழுக்க அதை
முதுகு கொடுத்துத் தள்ளிப் பிடித்திருக்கிறது.
காற்று களைத்தால் வில் எழும்பும்.

எழும்பியது. ஓரம் கட்டி முடிய
இன்னும் அரை வண்டி நீளம் இருக்கையில்.
வால் ரோட்டில், தலை வெட்டுச்சுவரில்.
பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து பந்துல இறங்கி
"தல்லு கரமுத?" என்றார்.
பதினொரு தொன்னைத் தள்ளவா என்கிறார்,
அதுவும் சில்லு உருளாத வண்டியை.
இரண்டு பேரும் சிரித்துவிட்டுக்
கல் தேடப் போனோம், சில்லுக்கு அணை கொடுக்க.

அருவி இரைச்சலில் கசிவு கேட்கவில்லை.
டெஸ்மன் பீலியில் கோப்பையை நிரப்பி
சன்லைட் துண்டைக் கரைத்து
ஹோஸ் ஹோஸாகப் பூசிக்கொண்டே ஊர்ந்தான்.
வலது பின் சில்லு. செசியில் உரசித் தேய்ந்த இடம்.
தவளைத் தொண்டைபோல் ஒரு குமிழி
ஊதிற்று, உடைந்தது, திரும்ப ஊதிற்று.

தேய்ந்த துண்டை வெட்டிப்
பித்தளை மூட்டுப் போட்டு முறுக்கினேன்.
பிறகு எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பு.
இரண்டு. இரண்டரை.

கீழே சரிவில் ஒரு லயத்தின் லைட்டுகள், ஒன்பதோ பத்தோ.
போன மழைக்கு மண் இறங்கிய தோட்டம் அது.
கதவுகளில் சிவப்பெழுத்து அறிவித்தல் இன்னும் இருக்கிறது,
கதவுகளுக்குப் பின்னால் ஆட்களும்.
வேறு இடம் தருகிறோம் என்றார்களாம்.

எல்லாம் கைவிட்டபிறகு என்ன ஆகுமென்று
இந்த லொறிக்கு ஒருவன் முதலிலேயே யோசித்திருக்கிறான்.
மலைக்கு யாரும் வில் பூட்டவில்லை.
பிடித்திருப்பது போனால்
அது நிற்காது,
புறப்படும்.

ஆறு. ஏழு. எட்டில் கவர்னர்
போதும் என்று துப்பியது.
பந்துல கையைக் காட்டி முந்திப் போனார்.
கல்லை எடுத்து ஓரத்தில் போட்டோம்,
அடுத்தவனுக்கு உதவும்.

கம்பளையில் விடிந்தது.
தொட்டிக்கடியில் வளையத்தை இழுத்தேன்.
நுவரெலியாவிலிருந்து உறிஞ்சி வந்த மூடுபனி
எண்ணெயோடு சேர்ந்து, பால் தேத்தண்ணி நிறத்தில்,
ஒரு கோப்பை அளவு, தாரில் தெறித்தது.
டெஸ்மன் செருப்பை நகர்த்திக்கொண்டான்.