கால் செக்கன்

திரையில் நாலு படம்:
மாலை, மீன், குடை, ஏணி.
கோணேசபுரி வளாகத்தில்
விசிறி பாதி மனதோடு சுற்றுகிற ஓர் அறை.
காதில் சொல் விழும், அந்தப் படத்தைத் தொடவேண்டும்.
அவ்வளவுதான் அக்கா, என்றாள் ரிஸ்மியா.
கிண்ணியாப் பிள்ளை. ஆராய்ச்சி.
திரைக்குக் கீழே கண்ணைப் பார்க்கிற கமரா,
சிவப்பாக, இமைக்காமல்.

மாலை.
தொட்டேன். பிழையில்லை.
ஆனால் சொல் முடியமுதல்
என் கண் மீனுக்குப் போய் வந்ததாம்.
போகவில்லை என்றேன்.
போனீங்க, கால் செக்கன்,
இந்தா பாருங்க என்று கோட்டைக் காட்டினாள்.

'மா' கேட்டு 'லை' வந்து சேருமுன்
உள்ளே ஒருத்தி மாலு என்று
சிங்களத்தில் எழும்பிவிட்டாள்.
அவளை இருத்திவிட்டுத்தான்
மாலைக்கு வந்திருக்கிறேன்.

ஒண்டைக் கதைக்கேக்க மற்றது நித்திரை கொள்ளாது அக்கா,
அதை அமத்தி வைக்கிறதிலதான் நேரம் போகுது.

பதினைந்து வருசம் ஆஸ்பத்திரியில் துண்டு எழுதுகிறேன்.
அபயபுரக்காரருக்கு ஒரு வாய்,
மூதூர்க்காரருக்கு ஒரு வாய்,
சட்டை மாற்றுகிற மாதிரி என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு பின்னேரம், வரிசையில் தொலைந்த குழந்தை
தாத்தா, தாத்தா என்று வீரிட்டது.
நரைத்த தலையாகத் தேடினேன்.
ரிஸ்மியா சிரித்தாள்:
நானெண்டா ஒரு பொம்பிளைப் பிள்ளையைத் தேடியிருப்பன்,
எங்கட வீட்டில தாத்தா எண்டா மூத்த ராத்தா.
வந்தவன் கறுத்த மீசைக்காரன்,
ஹெல்மெட்டும் கையுமாக,
பிள்ளையின் தகப்பன்.

அடுத்த சுற்றில் படமில்லை.
தமிழென்றால் பச்சை, சிங்களமென்றால் நீலம்.

என்ன.

கை எழும்பவில்லை.

உவர்மலை ஏற்றம், இரண்டாயிரத்தாறு,
மழை விட்ட காலை.
மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து
என்ன, என்றான்.
ஒண்டுமில்லை, என்றேன்.
என்ன. இன்னும் உரத்து.
ஒண்டுமில்லை ஐயா, சோத்துப் பெட்டிதான்.
மூன்றாம் தரம் துவக்கும் சேர்ந்து கேட்டது.
என் வயதுதான் அவனுக்கும்,
குரல் நடுவில் கீறிப்போனது.
அவன் வா, வா என்று சொல்லிக்கொண்டிருந்தான்.
நான் எதுவுமில்லை எதுவுமில்லை என்று
அசையாமல் நின்றேன்.
பின்னால் நின்றவர் யாரோ
தன் சைக்கிளால் என் சைக்கிளை முட்டித் தள்ளினார்.
அப்படித்தான் போனேன்.
அந்தக் கிழமையே
தம்பியின் பழைய கொப்பியில்
சிங்கள அரிச்சுவடி எழுதத் தொடங்கினேன்.

அட்டவணையில் அதற்கும் ஒரு பெட்டி இருந்தது:
விடை இல்லை, நேரம் முடிந்தது.
ரிஸ்மியா ஏனென்று கேட்கவில்லை.
தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளினாள்.

திரும்பும்போது பஸ் நிலையத்தடியில் மான் ஒன்று
வாழைப்பழத் தோலை மென்றுகொண்டு
ஆட்டோவுக்கு வழிவிடாமல் நின்றது.
ஹோர்ன் அடித்தவன் தமிழிலும் ஏசினான்,
சிங்களத்திலும் ஏசினான்.
அது இரண்டுக்கும் காதை மட்டும் ஆட்டியது.

மீன் சந்தையில் சோமலதா
தார்ப்பாய் படபடக்கிற காற்றுக்குள்
ஏதோ சொன்னாள்.
பாரை இருக்கு என்றாளோ, பாக்கி இருக்கு என்றாளோ.

என்ன? என்றேன்,
தமிழில்தான், யோசிக்காமல்.

அவள் கத்தியைப் பலகையில் வைத்தாள்,
கையைச் சீத்தையில் துடைத்துக்கொண்டாள்,
தராசைச் சுற்றி
என்னிடம் நடந்து வந்தாள்.