நான்காம் இலக்க மிதவை

செவ்வாய்க்கிழமைகளில் நான் அதைச் சுரண்டுகிறேன்.
கொட்டலசு, பச்சைப் பாசி,
எங்கிருந்தோ வந்து சுற்றிய நைலோன் நூல்.
மஞ்சள் மிதவை. நோர்வேயில் செய்தது.
கால் மணிக்கொரு தரம்
தம்பலகாமக் குடாவின் மூச்சை எண்ணி அனுப்பும்.

எங்கே அனுப்புது என்று கேட்டார்
ஓடக்கார ஜவாஹிர்.
முதலில் வானத்துக்கு.
பிறகு கொழும்புக்கு.
பிறகு?
என்ஜினை நிறுத்தியிருந்தார். தண்ணீர் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு கோப்பு.
தலைப்பு மூன்று மொழியில், ஒப்பம் மூன்று பேர்.
ஒருவர் இடமாற்றத்தில் போய் ஒன்பது மாதம்;
அவர் கதிரைக்கு மட்டும்
திங்கள்தோறும் வெள்ளைத் துவாய் மாற்றுகிறார்கள்.

ஓகஸ்ட் பதினொன்று, அதிகாலை மூன்றே முக்கால்:
ஒட்சிசன் ஒன்று தசம் இரண்டு.
நான்கு மணி: ஒன்று தசம் ஒன்று.
கருவி தூங்கவில்லை.
'அவசரம்' என்று சிவப்பில் ஒரு மின்னஞ்சலும் போட்டது,
நீண்ட வார இறுதியில்,
பூட்டிய அறையொன்றுக்கு.
விடிந்தபோது மணலையும் திரளியும்
வயிறு மேலாகக் கரையில்.
மட்டி பொறுக்க வந்த பெண்கள்
கூடையை இறக்காமலே நின்றார்கள்.

அந்த வாரம்தான் செய்தி:
சுற்றாடல் சுட்டியில் நாடு ஆறு படி ஏறியது.
வழிமுறையை வாசித்தேன்.
சட்டம் உண்டா? ஆம்.
நவீன கண்காணிப்புக் கருவிகள் உண்டா? ஆம்.
எங்கள் மிதவை ஒரு ஆம்.
அதை நான் சுரண்டுவதும்
அந்த ஆமுக்குள் எங்கோ.

தவமலர் அக்கா கேட்டா:
"தங்கச்சி, உந்த நம்பரை எங்களுக்குச் சொன்னா என்ன?
மூண்டுக்குக் கீழ எண்டா நாங்க இறங்கமாட்டம்.
எந்தப் பக்கத்தால வந்ததெண்டும் பாப்பம்."

இறங்குதுறையில் மீன்விலை எழுதும் கரும்பலகை.
கீழ் மூலையில் ஒரு சாண் இடம்.
வெண்கட்டியால் எழுதினேன்: ஐந்து தசம் ஆறு.

எட்டாம் நாள் கடிதம் வந்தது,
அனுமதியின்றித் தரவை வெளிப்படுத்தியமைக்கு
விளக்கம் கோரி.
எட்டே நாள்!
இந்த மிதவை மிதக்கத் தொடங்கிய பின்
எங்கள் கந்தோரில் எதுவும்
இத்தனை விரைவாய் நகர்ந்ததில்லை.

விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
பலகையில் இப்போது என் எழுத்து இல்லை.
ஏழுக்கு நடுவே கோடு கிழிக்கும் யாரோ எழுதுகிறார்கள்,
ஜவாஹிரின் மகனாக இருக்கலாம்.
எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு இறால் பண்ணையின் பெயர்,
இரவு நேரம் ஒன்று, ஒரு கேள்விக்குறி.
நேற்று அந்தப் பண்ணை மேலாளர் வந்து
வெகுநேரம் பார்த்தாராம்.
அழிக்கவில்லை. படம் எடுத்துக்கொண்டு போனாராம்.

கடவுச்சொல்லை எவருக்கும் சொல்லவில்லை, ஐயா.
ஓடத்தில் இருந்தபடி
வாசிப்பைச் சற்றுச் சத்தமாக வாசித்தேன்.
காற்று கரைப்பக்கமாக வீசியது.