தும்பிக்கை இல்லாத ஆனை

இரவு பதினொன்றரைக்கு அனுப்பியிருக்கிறான் தவநேசன்.
ஸ்காபரோவில் அவனுக்கு மத்தியானம்.
ஆறு படங்கள், ஒரு குரல்பதிவு:
"மச்சாள், ஏலம் இன்னும் அஞ்சு மணித்தியாலத்தில முடியுது.
ஆனையிறவு ஸ்டேசன் பெயர்ப்பலகை.
அசலோ எண்டு பார்த்துச் சொல்லுங்கோ.
நீங்கள்தானே இரும்பு தெரிஞ்ச ஆள்."

இரும்பு தெரியும்.
பரந்தன் சந்திக்கு வடக்கே
என் தராசில் ஏறாத பொருள் குறைவு:
சைக்கிள் றிம், தண்ணி மோட்டர்,
எரிந்த உழவு இயந்திரத்தின் வயிறு,
என்னவென்று கேளாமல் திருப்பி அனுப்பிய
சில உருளைகள்.

முதலில் துரு.
ஆனையிறவின் உப்புக்காற்று இரும்பைத் தின்பது
விளிம்பிலிருந்து,
அப்பளம் உரிகிற மாதிரி அடுக்கடுக்காய்.
இது அசிட் குடித்த துரு,
மஞ்சள் பூசிக் குளித்த முகம்போல
எங்கும் ஒரே நிறம்.

ஸ்குறூவின் தலையில் கூட்டல் அடையாளம்.
அந்தக் காலத்து ஸ்குறூவுக்குக்
கழித்தல் மட்டும்தான் தெரியும்.

பிறகு சன்னம் பட்ட துளைகள்.
ஒன்பது. இரண்டுதரம் எண்ணினேன்.
ஒன்பதும் ஒரே அளவு,
ஒன்றுகூட எழுத்தில் படவில்லை.
இவ்வளவு மரியாதையான சன்னத்தை
நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை.
சன்னம் புகுந்த தகரம் பின்பக்கம் உதடு பிதுக்கும்,
பெயின்ற் சுற்றிவரச் சிலந்திவலையாய் வெடிக்கும்.
இது மேசையில் படுக்கவைத்து
தேத்தண்ணி குடித்தபடி
ட்ரில்லால் போட்டது.

கடைசியில் எழுத்து.
அதற்கு இரும்பு தெரியவும் தேவையில்லை.
பழைய பலகையில் அந்த னை
முன்னால் தும்பிக்கை தூக்கி நிற்கும்,
ஆனை என்ற சொல்லுக்குள் இன்னொரு ஆனை.
இதிலோ கம்பியூட்டர் எழுத்து.
தும்பிக்கையை வெட்டிவிட்டுச்
சங்கிலி போட்டிருக்கிறான்.

'போலி' என்று தட்டினேன்.
"அவ்வளவு உறுதியோ?"

அசலின் கீழே பதினொரு இரவு படுத்திருக்கிறேன்
என்று எழுதி,
அழித்தேன்.

தண்டவாளம் நாலு, சிலிப்பர் கட்டை ஏழு,
அதன் மேல் பலகை, அதன் மேல் மண்மூட்டை.
எழுத்துப் பக்கத்தை உள்ளே பார்க்க வைத்தார்
என் மனுசன் அமுதலிங்கம்.
வெள்ளைப் பெயின்ற் மேலே தெரிந்தால்
பிளேன்காரன் காண்பானாம்.
திரியை உயர்த்தினால்
முகத்துக்கு ஒரு முழம் மேலே ஆனை.
மூன்று வயது மகள்
அவர் தோளில் ஏறி "தும்பி, தும்பி" என்று
தொட்டுத் தொட்டு
அந்த வளைவில் மட்டும் பெயின்ற் மழுங்கியது.
அவள் இப்போது வவுனியாவில் கணக்குப் படிப்பிக்கிறாள்.
கரும்பலகையில் எழுதுவது புது னை.

பங்கர் மூடிய காணி ஆருடையது,
அதில் இப்போது என்ன காய்க்கிறது,
எல்லாம் தெரியும்.
தராசுக்காரி வாயைத் திறந்தால்
நாளைக்கே மண்வெட்டியோடு வருவார்கள்.

ஒரு மணிக்கு மறுபடி மணி அடித்தது.
"மச்சாள், துரு, ஸ்குறூ எல்லாம்
நீங்கள் சொன்னதை விக்கிறவனுக்கு எழுதினன்.
மறுப்பேதும் இல்லை.
அந்தப் பழைய எழுத்து எப்பிடியிருக்கும்,
ஒருக்காக் கீறி அனுப்பேலுமோ எண்டு கேட்கிறான்."

பில் புத்தகத்தின் பின்பக்கம்
நிதானமாய்க் கீறினேன்,
கை பழக்கத்தில் சரியாகவே வந்தது.
தாளைக் கிழித்தேன்.
இன்னொன்று கீறினேன்,
தும்பிக்கையை வால் பக்கம் வைத்து.

படம் எடுத்து அனுப்பினேன்.
நீல அடையாளம் இரண்டு.
அடுத்த ஏலத்தில்
அந்த ஆனை வரட்டும்.