அமெரிக்காவில் ஒரு மான்

மூன்று சனிக்கிழமை ருஸ்தாவிச் சந்தையில் அலைந்தோம்.
ஆயிரம் வண்டி, ஆயிரமும் அடிபடாதவை.
ஒரே பொய்க்கு இத்தனை நிறம் பூசலாம் என்று
அன்றுதான் பார்த்தேன்.

அன்ஸோருக்கு இன்ஜின் சத்தம் போதும்.
கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்பான்.
எனக்குப் போதாது.
பதினாறு வருடமாக எக்ஸ்ரே அறையில் நிற்கிறவள்;
முறிந்து கூடிய எலும்பு
கூடிய இடத்தில் கொஞ்சம் தடித்திருக்கும்.
பெயின்ட் கனம் பார்க்கும் கருவியை
இரவல் வாங்கிப் போயிருந்தேன்.
கூரையில் நூற்றைந்து, கதவில் நூற்றுப்பத்து.
இடது முன் மட்கார்டில்
நானூற்று நாற்பது.

இது என்ன, என்றேன்.
விற்றவன் பெயர் ஜும்பெர்.
சூரியகாந்தி விதையின் தோலைத் துப்பிவிட்டு
"அமெரிக்காவில் ஒரு மான்" என்றான்.
அந்தச் சந்தையின் எல்லா வண்டியிலும்
மான்தான் வந்து மோதியிருக்கிறது.

ஏழு இருக்கை வேண்டும் என்று அன்ஸோர் பிடித்த பிடி.
நாங்கள் நான்கு பேர்.
மீதி மூன்றும் யாருக்கு என்று
நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.
பதினோராயிரத்து நானூறு டாலர்.
கடன் அடைந்து முடியும்போது லிலேவுக்குப் பதினாறு வயது.
கையெழுத்துப் போடும்போது
வங்கிப் பெண் கேட்டாள்: என்ன நிறம்?
சாம்பல், என்றேன், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போல.

முதல் வாரம் பின்சீட்டைக் கழற்றிக் கழுவினேன்.
உருகி ஒட்டிய ஆரஞ்சு கிரேயான்.
கட்டைவிரல் அளவுக்கு ஒரு காலுறை.
காலுறையை மட்டும் துவைத்துக் காயப்போட்டேன்,
ஏன் என்று தெரியவில்லை.

வரைபடத்தை ஒரு பையன் மாற்றிக் கொடுத்தான்.
பழைய முகவரி மட்டும் அழியவில்லை.
'வீடு' என்ற பொத்தானை அழுத்தினால்
லிண்டன் தெரு, நானூற்றுப் பதினெட்டு, ஒஹையோ.
ஒன்பதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
பாதை இல்லை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை.
இடது முன்பக்கம், ஓட்டியவரின் பக்கம்.
அந்தப் பக்கம் அடி விழுந்தால்
எந்த எலும்பு முதலில் போகும் என்று எனக்குத் தெரியும்:
பெல்ட் அழுத்தும் காறை எலும்பு,
பிறகு முழங்கால், பிறகு மணிக்கட்டு.
எவளோ ஒருத்தியின் படத்தை
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
தேறிவிடும், தேறிவிடும் என்று
இருட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.
பின்சீட்டைப் பற்றி நினைக்கவில்லை.
நினைக்கவே இல்லை.

மறுநாள் மெக்கானிக்கிடம் ஸ்டியரிங்கைப் பிரிக்கச் சொன்னேன்.
ஏர்பேக் இருந்தது. வண்டியைவிடப் புதிது.
யாரோ ஒருவன், நம்மூரில்,
பார்க்க முடியாத இடத்தில்
பொய் சொல்லாமல் விட்டிருக்கிறான்.

பிறகு வண்டி எங்களுடையதாயிற்று.
கொம்போரிக் கணவாயில் லுக்கா இரண்டு முறை வாந்தி எடுத்தான்.
அக்டோபரில் திராட்சை பறிக்கப் போனபோது
மூன்றாம் வரிசை மடங்கி
பதினான்கு பெட்டி ஏறிற்று;
கூடவே ஒரு குளவி,
திபிலிசி வரை எங்களை ஓட்டிக்கொண்டு வந்தது.
திரும்பும் வழியில் மேல்மாடி பத்ரியின்
முப்பது லிட்டர் ஒயின் குடுவை கசிந்தது.
மழை பெய்தால் இன்றும் வண்டிக்குப் போதை ஏறும்.
குடியிருப்பு முற்றத்தில் நிறுத்த இடம் கிடைக்காமல்
பாதி வண்டி நடைபாதையில் தூங்கும்.
நானும் அன்ஸோரும் நன்றாகச் சண்டை போடுவது
அதற்குள்தான்;
கண்ணாடியை ஏற்றிவிட்டால் அண்டை அயலுக்குக் கேட்காது.

ஒரு நாள் லிலே கேட்டாள்:
வீட்டை மாற்றலாமே அம்மா, ரொம்பச் சுலபம்.
விரல் பொத்தானுக்கு மேலே நின்றது.
மாற்றவில்லை.
'வேலை' என்ற இடம் காலியாக இருந்தது,
எங்கள் முகவரியை அதில் போட்டாள்.

இப்போது தினமும் இரவுப் பணி முடிந்து,
கண் எரிய,
படிக்கட்டு விளக்கு எரியாத எங்கள் வாசலில்
வண்டியை அணைக்கும்போது
உள்ளிருந்து ஒரு பெண் குரல், பொறுமையாக:
வேலைக்கு வந்து சேர்ந்துவிட்டீர்கள்.

அன்ஸோர் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறான்.
மேலே போய்
அடுப்பைப் பற்றவைக்கப் போவது நான்தான்.