முடிவு: 0

ராயபுரம், திருப்பூர். மூன்றாம் மாடி.
நேற்று மட்டும் சர்வர் எழுதி வைத்தது
பதினோரு லட்சம் வரி.
"எது ஓடுதுன்னு மட்டும் சொல்லுங்கம்மிணி"
என்றார் பொங்கியண்ணன்.

ஓடியதைச் சொல்ல பில்லே போதும்.
நான் பூஜ்யங்களை வடித்தெடுத்தேன்:
தேடிவிட்டு
வெறுங்கையோடு போனவர்கள்.

02:17 பட்டன் வைத்த பனியன் – 0
02:18 முன்னால் திறக்கிற பனியன் – 0
02:21 கை தூக்க முடியாதவருக்குப் பனியன் – 0
02:34 அப்பா பனியன் – 214
அதோடு லாக் அவுட்.

"இப்படி அறுநூத்தி நாப்பது பேருங்க,
ஒரே மாசத்துல."

இன்னும் கீழே தள்ளச் சொன்னார்.
பிறகு
சாம்பிள் கம்பியிலிருந்து ஒன்றை உருவி
கழுத்திலிருந்து அடிவரை
கத்தரியால் நேராக வெட்டினார்.

"காஜா மிஷின்
சும்மாதான் நிக்குதுங்க."