நிமிடத்துக்கு எட்டுத் துளி

ஃபிரிட்ஜின் மேல்தட்டில்
இன்சுலினுக்கும், யாரோ மறந்துபோன
மல்லிகைப் பொட்டலத்துக்கும் நடுவே
குளிர்ந்து கிடக்கிறது ஆக்ஸிடோசின்.
சின்னக் கண்ணாடிக் குப்பி.
கழுத்தை ஒடித்தால் டிக் என்கிறது.

காரைக்குடி, இரவு இரண்டே கால்.
புதுவயல் அரிசி ஆலையிலிருந்து வந்த பொன்னழகு.
தலைமுடியில் இன்னும் தவிடு.
வலி வந்தது, நின்றது,
யோசிக்க எங்கேயோ போய்விட்டது.
அரை லிட்டரில் ஐந்து யூனிட்.
கைக்கடிகாரத்தைச் சொட்டுக்கு நேரே பிடித்து
எண்ணுகிறேன்: நிமிடத்துக்கு எட்டு.
கூட்டத் தெரியவேண்டும்.
நிறுத்தவும்.

நேற்று சேவுகன் கேட்டான்:
"கன்னு செத்துப்போச்சு சிஸ்டர்.
எருமை மடிய இறுக்கிக்கிச்சு.
அந்த மருந்துல ரெண்டு குப்பி
எடுத்துத் தந்தா போதும்."
சட்டம் சொன்னேன்.
தினம் ஊசி போட்டால், ஊசியில்லாமல்
சுரக்கவே மறந்துவிடும் என்றேன்.
தலையாட்டிவிட்டு,
"உங்க பிள்ளைக்கு எத்தனை மாசம்?" என்றான்.
ஐந்து.

அவனிடம் சொல்லாதது:
டூட்டி அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து
பம்ப்பை அழுத்தி அழுத்தி
நான் கறப்பதும் ஓர் அவுன்ஸைத் தாண்டுவதில்லை.
மார்பில் பால் இல்லாமல் இல்லை.
மூளைக்கு அடியில் பட்டாணி அளவு ஒரு சுரப்பி
கதவைத் திறக்கமாட்டேன் என்கிறது.
அதற்கு வாசனை வேண்டும், சிணுங்கல் வேண்டும்.
என்னிடம் இருப்பது
கைபேசியில் ஒரு படம்.

நாலு ஐம்பது.
"கொப்புடையம்மா" என்று ஆரம்பித்த பொன்னழகு
புருஷன் பேரைச் சொல்லித் திட்டி முடிக்கிறாள்.
பெண் பிள்ளை.
தொடையில் பத்து யூனிட்.
அடிவயிற்றில் கை வைத்தபடி நிற்கிறேன்.
கர்ப்பப்பை சுருங்கிச் சுருங்கிக்
கொட்டாங்கச்சியாய் இறுகுகிறது.
ரத்தம் அடங்குகிறது.

குழந்தை வீறிட்டது.
என் இடது மார்பு முதலில். பிறகு வலது.
கூச்சம், குத்தல்,
வெள்ளைக் கோட்டில் இரண்டு ஈர வட்டம்.
ஊரான் பிள்ளை என்று
உடம்புக்கு யார் போய்ச் சொல்வது?
லூர்து அக்கா பார்த்துச் சிரித்துவிட்டு
துண்டை நீட்டினாள்.

எடை பார்க்கக் குழந்தையைத் தூக்கப் போனேன்.
இரவெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கியவள்
அதே கையை அடித்தாள்.
பட்டென்று. நிஜமாகவே வலித்தது.
பாடப் புத்தகத்தில் இந்தச் சுரப்புக்கு
அன்பு என்று அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.
பல்லைக் கடித்து ஒரு முறைப்பும்
அதற்குள்ளேயே இருந்திருக்கிறது.
எடையைப் பிறகு எழுதிக்கொண்டேன்.
இரண்டு கிலோ எழுநூறு.

காலை எட்டு. கோட்டையூர் நிறுத்தம்.
கோட்டு கஞ்சி போட்டதுபோல் காய்ந்திருந்தது.
கொட்டகையில் சேவுகன்,
செத்த கன்று படுத்திருந்த சாக்கை
எருமையின் மூக்கருகே பிடித்தபடி.
மோந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.
மறுபடி மோந்தது.
செம்பில் முதல் பீச்சல் விழுந்ததா,
நான் நின்று கேட்கவில்லை.
எங்கள் சந்துக்குள்ளிருந்து
எனக்குத் தெரிந்த ஓர் அழுகை.
வாசலுக்கு முன்பே
மேல் பட்டன் அவிழ்ந்திருந்தது.